‘அனைவரும் வரலாம்’ என்று எழுதிவிட்டால் போதுமா?

“நுழைவுக் கட்டணம் இல்லை. ஆர்வமுள்ள அனைவரும் வரலாம்.” மென்பொருள் எழுதுகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் கூட்டம் ஒன்றின் அறிவிப்பு இப்படித்தான் முடிந்திருந்தது. அதை நம்பித்தான் நாங்கள் போனோம்.

நாங்கள் என்றால், தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு சேரியில் மாலைநேரப் படிப்பு மையம் நடத்துகிற ஐந்து பேர். மையத்தில் ஆறு பழைய கணினிகள் இருக்கின்றன, நான்குதான் ஓடும். பி.சி.ஏ. முடித்துவிட்டுப் பகலில் பார்சல் டெலிவரி செய்யும் ஒரு தம்பியும், பாலிடெக்னிக்கில் கணினி படித்த ஒரு தங்கையும் அங்கே வந்து பைத்தான் பழகுகிறார்கள். எங்களில் யாருக்கும் அந்த வித்தை முழுசாகத் தெரியாது. தெரிந்தவர்கள் கூடுகிற இடத்துக்கே கூட்டிப் போவோம் என்று, அந்தச் சனிக்கிழமை இருவரையும் அழைத்துக்கொண்டு தாம்பரத்தில் பேருந்து ஏறினோம். கேம்ப் ரோடு, மேடவாக்கம், பெரும்பாக்கம் தாண்டி சோழிங்கநல்லூர். அங்கே ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் கூட்டம்.

வாசலில் பதிவேடு. பெயர், கைப்பேசி எண், மடிக்கணினியின் வரிசை எண், நிறுவனம் அல்லது கல்லூரி. தம்பியிடம் மடிக்கணினியும் இல்லை, நிறுவனமும் இல்லை. இரண்டு கட்டத்திலும் கோடு போட்டான். காவலாளி அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு, “யாரைப் பார்க்க வந்தீங்க?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். கோடு போட்டவனைச் சந்தேகப்படத்தான் அவருக்குச் சம்பளம்.

உள்ளே முழுக்க ஆங்கிலம். பேசியவர் நன்றாகத்தான் பேசினார் என்று தங்கை சொன்னாள், பாதி புரிந்ததாம். தேநீர் இடைவேளையில் ஒருவர் தம்பியிடம் சிரித்த முகத்தோடு வந்தார். “எந்த காலேஜ்?” சொன்னான். “எங்கே இருந்து வர்றீங்க?” தாம்பரம். “தாம்பரத்துல எங்கே?” அவன் நகரின் பெயரைச் சொன்னான். அம்பேத்கர் பெயர் கொண்ட நகர். “ஓ, ஓகே ஓகே” என்று சொன்னவர், கைப்பேசியைப் பார்த்தபடி நகர்ந்துவிட்டார். அவ்வளவுதான். யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

அதே அரங்கில் அதே கேள்வியை இன்னொருவரும் கேட்டார். தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அம்மா. “எந்த ஊரும்மா நீ?” என்று தங்கையிடம் கேட்டார். அவர் செம்மஞ்சேரி, அதற்கு முன் நகருக்குள் ஆற்றங்கரைக் குடிசை. தங்கை ஊரைச் சொன்னதும், “நம்ம புள்ளதான். நல்லா படி” என்று சொல்லிவிட்டு ஒரு சமோசாவைக் கையில் வைத்தார். ஒரே கேள்விதான். ஒருவர் விலகுவதற்குக் கேட்டார், ஒருவர் சேர்த்துக்கொள்வதற்குக் கேட்டார்.

திரும்பும் பேருந்தில் தம்பி சொன்னான்: “நல்லாதான் இருந்துச்சுக்கா. ஆனா அடுத்த மாசம் நான் வரல.”

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

இந்தக் கூட்டங்கள் ஏன் நமக்கு வேண்டும்

“நாலு பேர் கூடி கம்ப்யூட்டர் பேசுவதில் தலித் அரசியலுக்கு என்ன வேலை?” என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். இந்தக் கூட்டங்களின் வரலாற்றைப் பார்த்தால் என்ன வேலை என்பது தெரியும்.

1975 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் சில பேர் கூடினார்கள். ஹோம்ப்ரூ கணினிக் கழகம் என்று பெயர். ஒருவர் செய்ததை மற்றவருக்குக் காட்டுவது, தெரியாததைக் கேட்பது, உதிரிபாகத்தைப் பகிர்ந்துகொள்வது, இதுதான் அங்கே நடந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கணினி அந்தக் கழகத்தாருக்குத்தான் முதலில் காட்டப்பட்டது. சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்கி வருகிறது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையன்று பல ஆண்டுகள் கூடியது. காசு வாங்காமல், லாபம் பாராமல் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் லினக்ஸையும் நிரலாக்கத்தையும் தமிழிலேயே எழுதி இலவசமாகத் தருகிறது. எங்கள் மையத்தில் அதைப் படிக்கிறார்கள். இந்த உழைப்பை நாங்கள் மதிக்கிறோம். நல்ல கிணறு என்பதால்தான் அதில் நீர் எடுக்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறோம்.

அங்கே கிடைப்பது பாடம் மட்டும் இல்லை. கூட்டம் முடியும் நேரத்தில் ஒருவர் சொல்வார்: “எங்க டீம்ல ரெண்டு ஓப்பனிங் இருக்கு, ரெஸ்யூம் அனுப்புங்க, நான் ரெஃபர் பண்றேன்.” மென்பொருள் துறையில் வேலைக்குப் போகும் முக்கியமான வாசல்களில் இந்தப் பரிந்துரையும் ஒன்று. பரிந்துரைத்தவர் கொண்டுவந்த ஆள் சேர்ந்தால், பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் நிறுவனங்கள் நிறைய. ஒருவர் யாரைப் பரிந்துரைப்பார்? தனக்குத் தெரிந்தவரை. யாரைத் தெரியும்? தன் கல்லூரி, தன் தெரு, தன் சொந்தம். நாங்கள் சமூகவியல் வகுப்பில் ‘சமூக மூலதனம்’ என்று படித்ததும், சேரியில் எங்கள் பாட்டிகள் “நமக்கு யாரைத் தெரியும்?” என்று கேட்டதும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டு அரசுப் பணியில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும் பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. மென்பொருள் நிறுவனத்தில் சுழியம். நிறுவனங்கள் ‘தகுதி’ என்கின்றன. அந்தத் தகுதியைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007இல் வெளியிட்டது. நாளிதழ் விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களை மேல்சாதிப் பெயரிலும் தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் அனுப்பினார்கள். அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பில், மேல்சாதிப் பெயருக்கு 1 என்றால் தலித் பெயருக்கு ஏறக்குறைய 0.67. ஒரே படிப்பு, ஒரே அனுபவம். மாறியது பெயர் மட்டும்.

ஒதுக்கீடும் இல்லை, விண்ணப்பத்திலும் பாகுபாடு, பரிந்துரைக்கவும் ஆள் இல்லை. அப்படியிருக்க, பட்டம் கேட்காமல், கட்டணம் வாங்காமல், “வா, உனக்குத் தெரிந்ததைக் காட்டு” என்று சொல்லும் ஒரே இடம் இந்தக் குழுக் கூட்டம்தான். அதன் வாசலும் நமக்கு அடைபட்டால் நம் பிள்ளைகள் எங்கே போவது?

கிணறு திறந்ததும் வாளி கிடைத்ததும்

“யார் தடுத்தார்கள்? கதவு திறந்துதானே இருக்கிறது” என்பார்கள். இந்தப் பதில் நமக்குப் புதிதல்ல. நூறு வயதான பதில்.

நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எதுவானாலும் எந்தச் சாதியாருக்கும் தடை கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. மறுநாளே ஊர்க் கிணற்றில் நாம் நீர் இறைத்தோமா? இன்றைக்கும் அதற்காக அடிவாங்கும் ஊர்கள் இருக்கின்றன.

பம்பாய் மாகாணத்திலும் அதே கதை. 1923இல் சட்டமன்றத் தீர்மானம். 1924இல் மகாத் நகராட்சி, சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று அறிவித்தது. ஆனாலும் 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அந்த நீரைக் குடிக்க வேண்டியிருந்தது. குடித்ததற்காக நம் மக்கள் தாக்கப்பட்டார்கள். குளத்துக்குத் ‘தீட்டு’ கழித்தார்கள். நீதிமன்றத்தில் வழக்கு முடிய 1937 ஆனது. காகிதத்தில் திறந்த குளத்துக்கும் கையில் அள்ளிய நீருக்கும் இடையே எத்தனை ஆண்டு ஓடின என்று எண்ணிப் பாருங்கள்.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் நான்கு சுதந்திரங்களைச் சொல்கிறது. நிரலை யாரும் இயக்கலாம், ஆராயலாம், பகிரலாம், மாற்றி வெளியிடலாம். அருமையான கொள்கை. ஆனால் உரிமம் திறப்பது நிரலைத்தான். நிரலைப் பற்றிப் பேசும் அறையைத் திறக்க மனிதர்கள்தான் எழுந்து வர வேண்டும். “அனைவரும் வரலாம்” என்று அறிவிப்பில் எழுதிவிட்டு, மடிக்கணினி எண்ணும் நிறுவனப் பெயரும் கேட்டு, ஆங்கிலத்தில் பேசி, தேநீர் மூலையில் வேலைவாய்ப்பைப் பங்கு போட்டால், அது 1924ஆம் ஆண்டின் மகாத் நகராட்சித் தீர்மானம். குளம் திறந்தாயிற்று, வாளி அவர்கள் கையிலேயே இருக்கிறது.

“நாங்கள் சாதி கேட்பதில்லை”

கேட்பதில்லைதான். கேட்காமலே தெரிந்துகொள்கிறார்கள்.

1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். அதனால்தான் இன்று தமிழ்நாட்டில் பெயரைப் பார்த்து எளிதில் சாதி சொல்ல முடிவதில்லை. பெயர் சொல்லாததைத் தெரு சொல்கிறது. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கல்லூரி, கோட்டாவா மெரிட்டா, வீட்டில் சைவமா அசைவமா, குலதெய்வம் எது. இவை எல்லாமே நட்பாகக் கேட்கப்படும் கேள்விகள். கேட்பவருக்கே தான் என்ன தேடுகிறோம் என்று தெரியாமலும் இருக்கலாம். பதில் சொல்கிறவனுக்குத் தெரியும். சிறுவயதிலிருந்து அந்தத் தேர்வை எழுதி எழுதி வளர்ந்தவன் அவன்.

“மென்பொருள் துறையில் சாதி இல்லை, திறமை மட்டுமே” என்பவர்கள் கடல் கடந்து என்ன நடந்தது என்று பார்க்கட்டும். 2020 ஜூன் மாதம் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஐ.ஐ.டி.யில் படித்த தலித் பொறியாளர் ஒருவரின் சாதியை மேலதிகாரி சக ஊழியர்களிடம் வெளிப்படுத்தினார், அதைப் பற்றிப் புகார் கேட்டதும் வாய்ப்புகள் பறிக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. மேலதிகாரிகள் இருவர் மீதான வழக்கை 2023இல் அந்தத் துறையே விலக்கிக்கொண்டது. நிறுவனத்தின் மீதான வழக்கை அப்போது விலக்கவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடைசெய்தது. கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய அதுபோன்ற மசோதாவை ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார். வெற்றியும் தோல்வியுமாக அங்கே ஒரு சண்டை நடக்கிறது. அங்கே சாதி இருக்கிறதா என்று நீதிமன்றமும் சட்டமன்றமும் விவாதிக்கின்றன. சாதியை ஏற்றுமதி செய்த ஊரில் உட்கார்ந்துகொண்டு “இங்கே அப்படி எதுவும் இல்லையே” என்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிரல் திட்டங்களும் பயனர் குழுக்களும் ‘நடத்தை விதி’ என்று ஒன்றை வைத்திருக்கின்றன. யாரையும் எதன் பெயராலும் இழிவுபடுத்தக் கூடாது என்ற பட்டியல். உலகெங்கும் பலர் பயன்படுத்தும் ‘கன்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ என்ற மாதிரி விதியின் 2.1ஆம் பதிப்பு 2021இல் வந்தபோது, அந்தப் பட்டியலில் ‘சாதி’ என்ற சொல் சேர்க்கப்பட்டது. நம்மைச் சுற்றியுள்ள சில குழுக்களின் விதிகளை எடுத்துப் பார்த்தோம். இனம் இருக்கிறது, மதம் இருக்கிறது, பாலினம் இருக்கிறது, உடல் பருமன்கூட இருக்கிறது. சாதி இல்லை. எங்கோ எழுதிய பழைய பதிப்பை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். உலக மாதிரியில் இடம்பிடித்த சொல்லுக்குச் சோழிங்கநல்லூரில் இடம் இல்லை.

பேருந்து கடந்துபோகும் எட்டு மாடிகள்

சோழிங்கநல்லூருக்குப் போகும் பேருந்து பெரும்பாக்கத்தைக் கடந்துதான் போகிறது. எட்டு மாடி அடுக்குகளாக நிற்கின்றன அந்தக் குடியிருப்புகள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்: கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களிலிருந்தும் நகரின் நடுவிலிருந்தும் பிடுங்கிக்கொண்டு வந்து நடப்பட்ட மக்கள். அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களும் இந்த அடுக்குகளும் கூப்பிடு தூரம். தினமும் காலையில் அங்கிருந்து பெண்கள் அந்தக் கட்டடங்களுக்குப் போகிறார்கள், கழிவறை கழுவ, தரை துடைக்க. மாலையில் அவர்கள் துடைத்த தரையில் “அனைவரும் வரலாம்” கூட்டம் நடக்கிறது. அவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டம் நடப்பதே தெரியாது.

சென்னை லினக்ஸ் குழு பல ஆண்டுகள் கூடிய இடம் சென்னை ஐ.ஐ.டி. வளாகம். அந்தக் குழுவினர் நல்ல எண்ணத்தோடுதான் அங்கே கூடியிருப்பார்கள். ஆனால் அந்த வளாகம் நம் பிள்ளைகளின் நினைவில் எப்படிப் பதிந்திருக்கிறது? 2015 மே மாதம், பெயர் சொல்லாத புகார் ஒன்றை வைத்து அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்த வளாகம். எதிர்ப்புக்குப் பிறகு ஜூனில் திரும்பக் கொடுத்தது. 2018இல் உணவுக்கூடத்தில் சைவ, அசைவ மாணவர்களுக்குத் தனி நுழைவாயில், தனிக் கைகழுவுமிடம் என்று சுவரொட்டி ஒட்டிச் செய்தியான வளாகம். அந்த வாசலுக்குள் தயங்காமல் நடக்க, தடுக்கப்பட்டிராத ஒரு பரம்பரை வேண்டும்.

இடத்தை மாற்ற முடியாதா? முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு 2013 முதல் இயங்குகிறது. பெருநகரக் கண்ணாடிக் கட்டடம் எதுவும் இல்லாத ஊர். கிராமத்திலிருந்து வரும் மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெங்களூரில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தன்னார்வலர்கள் சுதர்சன் லேஅவுட் என்ற குடிசைப் பகுதிக்கே போய், அங்கிருந்த பிள்ளைகளோடு ஒரு கணினி மையத்தை உருவாக்கினார்கள். அதற்கு அம்பேத்கர் பெயரையே வைத்தார்கள். அங்கே குழு சேரிக்கு நடந்து போனது. இங்கே சேரி மட்டும்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்துக் குறையும்

நம்மையும் விட்டுவிட வேண்டாம். நம் மையங்களில் டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி இருக்கிறது, காவலர் தேர்வுப் பயிற்சி இருக்கிறது. அரசு வேலை சுருங்கிக்கொண்டே வரும் காலத்தில் தனியார் துறையின் வாசல்களை நாம் படிக்கவே இல்லை. தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்று முழக்கமிடுகிறோம், அது சரியான முழக்கம். ஆனால் அந்தத் துறைக்குள் ஆள் எப்படி எடுக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்களுக்கே அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது.

“நீங்களே தனியாக ஒரு குழு தொடங்கிக்கொள்ளுங்களேன்” என்று ஒரு நண்பர் சொன்னார். தொடங்குவோம். நம் பிள்ளைகள் கூச்சமில்லாமல் தப்புச் செய்து பழக ஓர் இடம் வேண்டும். ஆனால் அது இருக்கிறதே என்று காட்டிப் பொதுக் கூட்டத்தின் கதவைச் சாத்தினால், அதற்குப் பெயர் தனிக்குவளை. நாங்கள் நம் மையத்திலும் படிப்போம், பொது அறையிலும் உட்காருவோம்.

தாம்பரத்திலும் தென்சென்னையிலும் இந்தக் குழுக்களை நடத்துகிறவர்களிடம் கேட்கிறோம்:

1. உங்கள் நடத்தை விதியில் ‘சாதி’ என்ற சொல்லைச் சேருங்கள். புகார் வந்தால் யார் விசாரிப்பார் என்றும் எழுதுங்கள். இதற்கு ஐந்து நிமிடமும் செலவாகாது.

2. மூன்று கூட்டத்தில் ஒன்றையாவது நிறுவன வளாகத்துக்கு வெளியே வையுங்கள். பெரும்பாக்கத்திலோ, தாம்பரம் மாநகராட்சியின் ஒரு சமுதாயக் கூடத்திலோ, எங்கள் மையத்திலோ. நாற்காலி நாங்கள் போடுகிறோம்.

3. பதிவுப் படிவத்தில் நிறுவனம், கல்லூரி என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். மடிக்கணினி இல்லாதவருக்கு இரண்டு இயந்திரம் கொண்டுவாருங்கள். பழைய கணினியிலும் லினக்ஸ் ஓடும் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்.

4. ஒவ்வொரு கூட்டத்திலும் ஓர் உரையாவது தமிழில் இருக்கட்டும்.

5. வேலைவாய்ப்பையும் பரிந்துரையையும் மேடையில் எல்லோர் முன்னும் சொல்லுங்கள். தேநீர் மூலையில் சொல்லாதீர்கள்.

6. கடந்த பன்னிரண்டு மாதம் மேடையேறியவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்களிடம் காட்ட வேண்டாம். உங்களுக்குள் ஒருமுறை வாசியுங்கள்.

இதில் எதற்கும் சட்டத் திருத்தம் வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம், பணமும் பெரிதாக வேண்டாம். மனம் இருந்தால் அடுத்த கூட்டத்திலேயே செய்துவிடலாம். செய்யாவிட்டால் “அனைவரும்” என்ற சொல்லை அறிவிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். குறைந்தபட்சம் அது நேர்மையாக இருக்கும்.

தம்பியிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். வருவதா வேண்டாமா என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும். அவமானத்துக்குத் திரும்ப நடந்து போ என்று யாரையும் நாங்கள் தள்ள மாட்டோம். தங்கை முடிவு செய்துவிட்டாள். டெலிவரிப் பையன்களின் ஒரு நாள் பெட்ரோல் செலவையும் கையில் நிற்கும் பணத்தையும் கணக்குப் போடும் ஒரு சிறு நிரலை அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள். தம்பி சொல்லச் சொல்ல எழுதியது. அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் அதைப் பற்றித் தமிழில் பேச அனுமதி கேட்டு எழுதியிருக்கிறாள். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

பதில் எதுவானாலும் அந்தச் சனிக்கிழமை நாங்கள் போவோம். இந்த முறை இரண்டு பேரோடு இல்லை, மையத்தில் படிக்கும் பன்னிரண்டு பேரோடும். “எந்த ஊர்?” என்று கேட்டால், தலைநிமிர்ந்து ஊரைச் சொல்லுவோம்.

ஜெய்பீம்.